உணவுக்குழாய் ஆபரேஷனுக்குப் பிறகு: எப்படிச் சாப்பிடுவது, எப்படிக் கொடுப்பது?



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் பெரும்பாலானவை ஆபரேஷன் செலவைப் பற்றியவை. ஸ்கேன், கீமோ, ஆஸ்பத்திரிக் கட்டணம், சென்னைக்குப் போய்வரும் வண்டிச் செலவு என்று கேட்கிறார்கள். ஜமாஅத்தார்களும் தாராளமாகக் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உணவுக்குழாயில் புற்றுநோய் வந்து ஆபரேஷன் முடித்து வீடு திரும்பியவர்களைப் பார்க்கப் போகும்போது நாங்கள் காண்பது வேறு. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். தையலும் ஆறியிருக்கும். ஆனால் மனிதர் மாதத்துக்கு மாதம் இளைத்துக்கொண்டே போவார். சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் சண்டை, அழுகை. "ரெண்டு வாய்க்கு மேல உள்ள போக மாட்டேங்குதுங்க" என்பார் மனைவி. "இவங்க விடாம ஊட்டுறாங்க, நெஞ்சு அடைக்குது" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டயட்டீஷியன் ஒரு தாள் கொடுத்து விளக்குகிறார். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பில், மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே உறையோடு சேர்ந்து பைக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் பழைய பழக்கப்படி தட்டில் சோறு விழும். அந்தத் தாளில் இருப்பதை நம் அடுப்படிக்கு ஏற்றபடி சொல்வதற்காகவே இந்தக் கட்டுரை. டாக்டரும் டயட்டீஷியனும் உங்கள் நோயாளிக்கென்று தனியாக ஏதாவது சொல்லியிருந்தால் அதுதான் முதன்மை. இதைப் படித்துவிட்டு அதை மாற்ற வேண்டாம்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது?

தொண்டையிலிருந்து இரைப்பை வரை சுமார் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஓடும் தசைக் குழாய்தான் உணவுக்குழாய். அதன் அடியில், இரைப்பை தொடங்கும் இடத்தில், ஒரு தசை வளையம் கதவு போல இருக்கிறது. சாப்பாடு கீழே இறங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். நாம் குனிந்தாலும் படுத்தாலும் சாப்பிட்டது திரும்பி வராமல் இருப்பதற்கு அந்தக் கதவுதான் காரணம்.

புற்றுநோய்க்கான ஆபரேஷனில் உணவுக்குழாயின் பெரும் பகுதியையும், அதோடு இரைப்பையின் மேல் பகுதியையும் அகற்றிவிடுகிறார்கள். மிச்சமுள்ள இரைப்பையை ஒரு குழாய் போல ஒடுக்கித் தைத்து, மார்புக்குள் மேலே இழுத்து, மிஞ்சியிருக்கும் உணவுக்குழாயோடு கழுத்திலோ மார்பிலோ இணைக்கிறார்கள். அதாவது, வயிற்றில் பை போல இருந்த இரைப்பை இப்போது நெஞ்சுக்குள் குழாயாக நிற்கிறது. முன்பு ஒரு தட்டுச் சோறு கொள்ளும் இடம் இப்போது சிறிய கிண்ணம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கதவு போய்விட்டது. இரைப்பைக்குப் போகும் முக்கியமான நரம்பும் ஆபரேஷனில் வெட்டுப்படுவதால், உள்ளே போன உணவு சிலருக்கு இறங்காமல் தங்கிவிடுகிறது. சிலருக்கு ஒரேயடியாகக் குடலுக்குள் கொட்டிவிடுகிறது.

இன்னொன்று, குடும்பத்தார் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பசியைத் தூண்டும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு அது குறைந்துபோகிறது. அதனால்தான் "பசியே இல்லை" என்கிறார். அடம் என்றோ, மனம் விட்டுப்போச்சு என்றோ நினைத்து அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். பசிக்கும்போது சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் அந்தப் பசி வராது. கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

ஐந்து வக்தும் ஒரு கடிகாரம்

ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சிறிய கிண்ணம். இதுதான் அடிப்படை. ஆரம்பத்தில் அரை டம்ளர் அளவுகூடப் போதும். பிறகு மெல்ல ஒரு டம்ளர் அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம். மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பழகிய வீட்டில் எட்டு வேளையை யார் நினைவு வைத்துக் கொடுப்பது என்று கேட்பார்கள். பாங்கு சொல்லும் நேரங்களையே கணக்காக வைத்துக்கொள்ளும்படி நாங்கள் சொல்கிறோம். ஃபஜ்ரு தொழுததும் பால் கஞ்சி. எட்டு மணிக்கு ஒன்றரை இட்லி அல்லது இடியாப்பத்தைப் பாலில் ஊறவைத்து மசித்தது. பத்தரைக்கு முட்டை. லுஹர் தொழுததும் குழைந்த பருப்புச் சோறும் மீனும். மூன்று மணிக்குத் தயிர். அஸருக்குப் பிறகு சத்துக் கஞ்சி. மஃரிபுக்குப் பிறகு இரவுச் சாப்பாடு. இஷா தொழுததும் அரை டம்ளர் பால். அதோடு சரி. எட்டரை மணிக்குப் பிறகு எதுவும் வேண்டாம்.

தொழுதுவிட்டுச் சாப்பிடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கதவு இல்லாததால், சாப்பிட்ட உடனே ருகூஉ, ஸஜ்தாவில் குனிந்தால் சாப்பிட்டதும் பித்தநீரும் தொண்டைக்கு ஏறிவரும். அது மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியாவில் கொண்டுவிடும். எனவே தொழுகை முன்னால், உணவு பின்னால். வக்து தவறிவிடும் என்ற நிலையில் சாப்பிட்ட கையோடு தொழ நேர்ந்தால் நாற்காலியில் அமர்ந்து சைகையால் தொழ நோயாளிக்கு மார்க்கத்தில் இடம் இருக்கிறது. "இத்தனை வருஷம் நின்னு தொழுதுட்டு இப்ப நாற்காலியா" என்று கூச்சப்படும் பெரியவர்கள் பள்ளிவாசல் இமாமிடம் ஒருமுறை பேசிக்கொள்ளட்டும், மனம் லேசாகும்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும். சாப்பிட்ட பிறகும் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்க வேண்டும். முற்றத்தில் மெதுவாக நடந்தால் இன்னும் நல்லது. கடைசி உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும். படுக்கும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், நெஞ்சு உயராது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல்லோ மரக்கட்டையோ வைத்துக் கட்டிலையே சாய்வாக்குங்கள். பாயில் படுத்துப் பழகியவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் இது ஒரு மாதத்து ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். ஆயுள் முழுவதும் இப்படித்தான்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கக் கூடாது. இருக்கிற சின்ன இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் சோற்றுக்கு இடமில்லாமல் போகும். சாப்பாட்டையும் வேகமாகக் குடலுக்குள் தள்ளிவிடும். சாப்பிடுவதற்கு அரை மணிக்கு முன்போ, சாப்பிட்டு அரை மணி கழித்தோ, மிடறு மிடறாகக் குடிக்கட்டும். தொண்டை நனைக்க ஒரு மடக்கு குடிப்பதில் தவறில்லை.

கஞ்சியிலிருந்து சோறு வரை

ஆபரேஷன் முடிந்த முதல் நாட்களில் வாய்வழியாக எதுவும் தரமாட்டார்கள். உள்ளே தைத்த இணைப்பு ஆற வேண்டும். பல ஆஸ்பத்திரிகளில் ஒரு வாரம் போல ஆனதும் மருந்து குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்து, கசிவு இல்லை என்று பார்த்த பிறகே தண்ணீர் தொடங்குகிறார்கள். அதற்கு முன் நோயாளி கெஞ்சுகிறார் என்று ரகசியமாக ஒரு மூடித் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஜம்ஜம் தண்ணீராக இருந்தாலும் சரி. இணைப்பில் கசிவு ஏற்பட்டு உணவு மார்புக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

அனுமதி கிடைத்ததும் தண்ணீர், வடித்த சூப்பு, பிறகு பால், கஞ்சி, அதன்பின் மசித்த உணவு, அதற்குப் பிறகு மென்மையான உணவு என்று படிப்படியாக ஏறும். ஒவ்வொரு படிக்கும் எத்தனை நாள் என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். மசித்த, மென்மையான உணவிலேயே பல வாரங்கள் இருக்க வேண்டிவரும். இரண்டு மூன்று மாதங்களில் பலர் வீட்டுச் சாப்பாட்டுக்கே வந்துவிடுகிறார்கள், அளவு மட்டும் குறைவு.

இந்த விஷயத்தில் நம் வீட்டுச் சமையல் நமக்குச் சாதகம். நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, கொத்துக்கறி, வெந்தயம், தேங்காய்ப்பால். மாவு, புரதம், கொழுப்பு மூன்றும் ஒரே கிண்ணத்தில். மிளகாயையும் பட்டை கிராம்பையும் குறைத்து, கறியை நன்றாக வேகவைத்து, மிக்சியில் ஒரு சுற்று சுற்றிக் கொடுத்தால் இந்த நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான உணவைத் தேட வேண்டியதில்லை. ரமலானில் மட்டும்தான் காய்ச்ச வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

தவிர்க்க வேண்டியவற்றில் முதலிடம் பரோட்டாவுக்கு. அடுத்தது பிரட், பன். மென்மையாக இருக்கிறதே என்று பன்னைக் கொடுக்கிறார்கள். எச்சிலில் ஊறியதும் அது மாவு உருண்டையாகி இணைப்பில் அடைத்துக்கொள்ளும். நார் நாராக வரும் இறைச்சித் துண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல், முருங்கைக்காய், உலர்ந்த சோறு ஆகியவையும் அப்படியே. மீன் நல்லது, முள்ளை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்து எடுத்துவிடுங்கள். எதைச் சாப்பிட்டாலும் கூழாகும் வரை மென்று விழுங்க வேண்டும். ஒரு சிறிய கிண்ணத்தை முடிக்க இருபது, முப்பது நிமிடம் ஆனால் ஆகட்டும். கொதிக்கக் கொதிக்கத் தேநீர் குடிக்கும் பழக்கத்தை நோயாளி மட்டுமல்ல, வீட்டில் உள்ள எல்லோருமே விடுவது நல்லது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016லேயே சொல்லிவிட்டது. புகையிலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெற்றிலையோடு வைக்கும் புகையிலையும் அதில் சேரும் என்பதை மட்டும் நம் பெண்மணிகளுக்கு நினைவூட்டுகிறோம்.

கஞ்சித் தண்ணீரில் உடம்பு தேறாது

நாங்கள் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: நோயாளிக்கு இளநீர், சாத்துக்குடிச் சாறு, வடித்த கஞ்சி, ஜவ்வரிசி. நாள் முழுக்க ஏதோ கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் எடை குறைகிறது. காரணம் எளிது. இளநீரில் புரதம் ஏறக்குறைய இல்லை. ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரில் ஒன்றிரண்டு கிராம் தேறினால் அதிகம். புண் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் புரதம்தான் வேண்டும்.

இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதமும், 30 கலோரி அளவுக்குச் சக்தியும் தேவை என்று கணக்கிடுகிறார்கள். 55 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 66 முதல் 82 கிராம் வரை புரதம், 1,650 கலோரி. கேட்கப் பெரிதாகத் தெரியும். அடுப்படிக் கணக்கில் பாருங்கள்: அரை லிட்டர் பாலில் சுமார் 16 கிராம், மூன்று முட்டையில் 18, முள் நீக்கிய மீன் அல்லது எலும்பில்லாத கோழி 100 கிராமில் 20, பாசிப்பருப்பு 50 கிராமில் 12. கூட்டினால் 66 வந்துவிட்டது. இத்தனையையும் எட்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு மிகச் சிறிய அளவுதான்.

வயிறு சிறியது என்பதால் ஒவ்வொரு கரண்டியிலும் சத்தைக் கூட்ட வேண்டும். பாலில் தண்ணீர் கலக்காதீர்கள்; மாறாக இரண்டு கரண்டி பால் பவுடரைக் கலந்து கெட்டியாக்குங்கள். கஞ்சியை இறக்கும்போது ஒரு முட்டையை அடித்து ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். மசித்த சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்தால் 45 கலோரி கூடுகிறது. பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலையை நைசாக அரைத்த விழுது, தேங்காய்ப்பால் எல்லாம் இதற்கு உதவும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யட்டும்.

வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே மாதிரி உடையில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதி வாருங்கள். ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. முதல் ஆறு மாதங்களில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது பலருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம். ஆனால் ஒரே வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது.

சர்பத் குடித்ததும் ஏன் மயக்கம் வருகிறது?

இனிப்பான எதையாவது சாப்பிட்ட பத்து இருபது நிமிடத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்து, வயிறு முறுக்கி, பேதியாகிறது என்றால், உணவு இரைப்பையில் தங்காமல் குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகிறது என்று பொருள். இதை டம்ப்பிங் என்கிறார்கள். இன்னொரு வகை, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வரும். சர்க்கரை சட்டென்று ஏறியதும் உடம்பு அதிக இன்சுலினைச் சுரந்துவிட, ரத்தச் சர்க்கரை அடியோடு இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வரும். மாரடைப்பு என்று பயந்துபோய் நடுராத்திரியில் ஆட்டோ பிடித்தவர்கள் உண்டு.

நன்னாரி சர்பத், ரோஸ்மில்க், பாயசம், சீனி போட்ட கடல்பாசி, ஒரே நேரத்தில் நான்கைந்து பேரீச்சம்பழம், இவைதான் நம் வீடுகளில் இதைக் கிளப்புகிறவை. பேரீச்சம்பழம் பரக்கத்தானது, சத்தானது, சந்தேகமில்லை. ஒன்றை எடுத்துக் கொட்டை நீக்கிப் பாலில் மசித்துக் கொடுத்தால் போதும். தேனும் அப்படியே, கால் கரண்டிக்கு மேல் வேண்டாம். இனிப்பைக் குறைத்து, புரதத்தோடு சேர்த்து, மெதுவாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு இந்தத் தொல்லை சில மாதங்களில் அடங்கிவிடும்.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு மூன்று தட்டுச் சோற்றுக்குக் கணக்குப் போட்டு எழுதிய மாத்திரையையும் இன்சுலினையும் இப்போது அதே அளவில் எடுத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே "சர்க்கரை மருந்தை மாத்தணுமா?" என்று நீங்களே கேளுங்கள். இரண்டு டாக்டர்கள் பார்க்கும்போது ஒருவர் மாற்றியிருப்பார் என்று மற்றவர் நினைத்துவிடுவது நடக்கிறது.

டியூப் வழியாகச் சாப்பிடுவது

பல ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனின்போதே வயிற்றுத் தோல் வழியாகச் சிறுகுடலுக்குள் ஒரு மெல்லிய டியூப் வைத்துவிடுகிறார்கள். வாயால் போதுமான அளவு சாப்பிட முடிகிற வரை அதன் வழியாக உணவு போகும். சிலருக்கு ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். இதைக் கண்டால் நம் ஆட்களுக்கு ஒரு கலக்கம். "டியூப்ல சாப்பிடுற நிலைக்கு வந்துட்டேனே" என்று ஒரு பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவரிடம் நாங்கள் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம். 1913ல் நியூயார்க்கில் ஃபிரான்ஸ் டோரெக் என்ற டாக்டர் ஒரு மூதாட்டியின் புற்றுநோய் கண்ட உணவுக்குழாயை மார்பைத் திறந்து அகற்றினார். இரைப்பையை மேலே இழுத்து இணைக்கும் முறை அப்போது நடைமுறைக்கு வரவில்லை. அந்த அம்மையார் கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை, இரண்டையும் இணைக்க உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர் குழாய் என்று, அதன் வழியாகவே சாப்பிட்டுப் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். நம் பெரியவருக்கு இருப்பது சில வாரங்களுக்கான டியூப். அவர் சிரிக்கவில்லை, ஆனால் திரும்பிப் படுத்தார்.

டியூபில் ஆஸ்பத்திரி எழுதித் தந்த பவுடரை மட்டுமே, சொன்ன அளவில் கரைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டுக் கஞ்சியை எத்தனை முறை வடிகட்டினாலும் அந்த மெல்லிய டியூப் அடைத்துக்கொள்ளும். குடலுக்கு இரைப்பை போலத் தேக்கிவைக்கும் இடம் கிடையாது. எனவே ஊசிக் குழலால் அழுத்தி ஏற்றாமல் சொட்டுச் சொட்டாகவே போக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கொதித்து ஆறிய நீரில் கரையுங்கள். கரைத்ததை நான்கு மணி நேரத்துக்கு மேல் தொங்கவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் 30 மில்லி தண்ணீர் செலுத்தி டியூபைக் கழுவ வேண்டும். மாத்திரையைப் பொடித்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். பலவற்றுக்குத் திரவ மருந்து கிடைக்கும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீரை மெதுவாகச் செலுத்திப் பாருங்கள். கம்பி, ஊசி எதையும் நுழைக்காதீர்கள். டியூப் கழன்று வந்துவிட்டால் துளையின் மேல் சுத்தமான துணியை வைத்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணி நேரத்திலேயே அந்தத் துளை மூடிக்கொள்ளத் தொடங்கிவிடும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறுபடியும் ஒரு ஆபரேஷன் தேவைப்படலாம்.

வாயால் சாப்பிடவில்லை என்றாலும் வாயைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். மிஸ்வாக் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் விடாமல் செய்யட்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆபரேஷனுக்குக் கைகொடுக்கிறது. வீட்டில் கரைக்கும் பவுடர் டப்பாவுக்கு அது வராது. ஏழைக் குடும்பங்களில் அதனால் அளவைக் குறைத்துக் கரைக்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள், எங்களிடம் வாருங்கள். இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம்.

நோன்பும் மருந்தும்

ரமலான் வந்ததும் எங்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் தெளிவாகச் சொல்கின்றன. இந்த ஆபரேஷன் செய்தவருக்குப் பகல் முழுக்க வெறும் வயிறும், மஃரிபில் ஒரே மூச்சில் நிறைய உணவும் என்பது இரண்டு பக்கமும் கெடுதல். குணமாகிப் பிறகு களாச் செய்ய முடியுமா, அல்லது நோன்புக்குப் பகரமாக ஏழைக்கு உணவளிக்கும் பித்யாவா என்பது அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது. டாக்டர் சொன்னதை எழுதி வாங்கிக்கொண்டு இமாமிடம் போங்கள். குடும்பமே ஸஹருக்கு எழும்பும்போது தான் மட்டும் படுத்திருப்பது அவர்களுக்கு மனவேதனைதான். அந்த நேரத்தில் அவரையும் எழுப்பி உங்களோடு உட்காரவைத்து, அவருடைய கிண்ணத்தைக் கையில் கொடுங்கள்.

சாப்பிட்டது செரிக்காமல் மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து போனால் சிலருக்குச் செரிமான என்சைம் மாத்திரைகள் எழுதித் தருகிறார்கள். அவை பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுபவை. இதைக் கேள்விப்பட்டதும் யாருக்கும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாற்று இல்லாத நிர்ப்பந்த நிலையில் இத்தகைய மருந்துக்கு உலமாக்கள் பலர் அனுமதி அளிக்கிறார்கள். நிறுத்துவதற்கு முன் டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள், ஆலிமிடமும் கேளுங்கள். கருஞ்சீரகம், மூலிகைக் கஷாயம் எதைத் தொடங்கினாலும் டாக்டருக்குத் தெரியட்டும். கீமோ நடக்கும்போது சில சேராது.

இரைப்பை குறைந்ததால் பி12 வைட்டமினும் இரும்புச் சத்தும் உடம்பில் சரியாகச் சேர்வதில்லை. ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை ரத்தம் பரிசோதித்து, தேவையானால் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

மீண்டும் அடைத்தால்

ஆபரேஷன் முடிந்து சில வாரங்கள், மாதங்கள் கழித்து மறுபடியும் சோறு நெஞ்சில் நிற்கத் தொடங்கும். முதன்முதலில் நோய் காட்டிய அறிகுறியும் இதுதான் என்பதால் நோயாளி பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல், சோற்றிலிருந்து கஞ்சிக்கும், கஞ்சியிலிருந்து தண்ணீருக்கும் தானே இறங்கிவிடுகிறார். பல நேரங்களில் அது நோய் திரும்பியதாக இருக்காது. இணைத்த இடம் தழும்பேறிச் சுருங்கியதாக இருக்கும். எண்டோஸ்கோபி வழியாக அதை விரித்துவிடுகிறார்கள். சிலருக்கு இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும். பயந்து மறைத்து வைத்த ஒவ்வொரு வாரமும் எடைதான் கரைகிறது.

காய்ச்சல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்துக் காயத்திலிருந்து கசிவு, நிற்காத வாந்தி, கறுப்பு நிற மலம், தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் இருமல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். குரல் கம்மியிருப்பவர்கள் தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா என்று தனியாகக் கவனியுங்கள். குரல்வளை நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் அப்படி ஆகும். விழுங்கும் பயிற்சி தருபவர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள்.

அம்மாவுக்கு வந்தால்

அத்தாவுக்கு வந்தால் வீடே அவரைச் சுற்றி ஓடுகிறது. அம்மாவுக்கு வந்தால், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் வாரமே அவர் அடுப்படியில் நிற்கிறார். எல்லோருக்கும் ஆக்கிப்போட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்து, மிச்சமிருக்கும் ஆறிய சோற்றை நின்றுகொண்டே இரண்டு கை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். தனக்கென்று தனியாக ஒரு முட்டையை அவிக்க அவருக்குக் கூச்சம். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அப்படிச் சாப்பிட்டால் உடம்பு தாங்காது. ஆண் பிள்ளைகளும் கணவன்மாரும் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். எட்டு வேளைக் கிண்ணத்தில் நான்கையாவது வேறொருவர் தயார்செய்து, உட்காரவைத்து, கையில் கொடுக்க வேண்டும். மருமகளே எல்லாம் செய்யட்டும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. கஞ்சி காய்ச்ச ஆண்களுக்கும் தெரியும். ரமலானில் பள்ளிவாசலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுவது யார்?

நோய் விசாரிக்கப் போகிறவர்களுக்கும் ஒன்று. நோயாளியைப் பார்க்கப் போவது நல்ல அமல். ஆனால் வாசலில் நுழையும்போதே "என்ன இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீங்க" என்று தொடங்காதீர்கள். பிரியாணிப் பொட்டலம், லட்டு வேண்டாம். முட்டை, பால், நல்ல மீன் கொண்டுபோங்கள். அல்லது ஒரு மணி நேரம் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரரைக் கொஞ்சம் தூங்கவிடுங்கள். கல்யாண வீட்டில் சஹனில் சேர்ந்து உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அவர் இரண்டு பிடியோடு கையை எடுத்தால் "ஏன், போதுமா?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே சிலர் கல்யாணத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

எடை பார்க்கும் மெஷின், டியூப் உணவு தொங்கவிடும் ஸ்டாண்டு, முதுகு சாய்மானம், கட்டிலுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டை ஆகியவை நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இரவலாகக் கிடைக்கும். டிஸ்சார்ஜ் தாளும் டயட் தாளும் ஆங்கிலத்தில் இருந்து புரியவில்லை என்றால், வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸருக்குப் பிறகு எடுத்துவாருங்கள். தமிழில் எழுதித் தருகிறோம். வரும்போது மருந்துச் சீட்டையும், எடை எழுதிய காலண்டர் தாளையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள்.